குழந்தைகள் புற்றுநோய் ஆய்வுக்கு ஓடி நிதி திரட்டுவது எப்படி? முதன்முறை இறங்குவோருக்கான வழிகாட்டி

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய ஆய்வுக்கு உதவும் எண்ணத்துடன் ஓட்டத்திலோ நடைப்பயணத்திலோ மிதிவண்டிப் பயணத்திலோ முதன்முறையாகப் பெயர் கொடுப்பவர்களில் பலர், பெயர் கொடுத்த கையோடு பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் யாரிடம் பணம் கேட்பது என்று யோசிக்கத் தொடங்கினேன். அரை மாரத்தானின் 21 கிலோமீட்டரையும் நல்லபடியாக ஓடி முடித்தேன். ஆனால் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையில் பாதிகூடச் சேரவில்லை. பணம் சேர்வது நாம் கேட்பதால்தான். நாம் ஓடுவது, அப்படிக் கேட்பதற்கு ஒரு காரணத்தையும் ஒரு கெடு நாளையும் தருகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். அதனால் பயிற்சியைப் பற்றிய பகுதி சிறியதாகவும், கேட்பதைப் பற்றிய பகுதி பெரியதாகவும் இருக்கும்.

பணம் எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 19 வயது வரையுள்ள குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது. வருமானம் மிகுந்த நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் குணமடைகிறார்கள். வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகள் பலவற்றில் இது 30 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கிறது. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணங்கள், நோயைத் தாமதமாகக் கண்டறிவதும், மருந்து கைக்கு எட்டாததும், செலவு தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் ஆகும். ஆகவே சிகிச்சை உதவிக்குத் திரட்டும் பணமும் ஆய்வுக்குத் திரட்டும் பணமும் வேறு வேறு வேலைகளைச் செய்கின்றன. இரண்டும் தேவை. ஆனால் எதற்குக் கேட்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இல்லாவிட்டால், நன்கொடை தருபவர் கேட்கும் முதல் கேள்விக்கே தடுமாறுவோம்.

அந்த முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இத்தனை வருடமாகப் பணம் திரட்டுகிறார்களே, இன்னுமா மருந்து கண்டுபிடிக்கவில்லை?" இதைக் கேட்பவர் மனத்தில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். போஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், கடுமையான இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதங்களுக்குள் இறந்துவிடுவார்கள். இன்று, குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோயில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பிழைக்கிறார்கள். இந்த மாற்றம் ஒரே ஒரு அற்புத மருந்தால் வந்ததன்று. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்பட்டு 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளை, எதை எதனுடன், எந்த அளவில், எத்தனை மாதம் தருவது என்று பல மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து, ஒரு சோதனை முடிந்ததும் அடுத்த சோதனை என்று பல பத்தாண்டுகள் பொறுமையாக ஆராய்ந்ததால் வந்தது. நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களையே புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சைக்கு, நோய் திரும்பிய குழந்தைகளுக்காக 2017இல்தான் அமெரிக்காவில் முதல் ஒப்புதல் கிடைத்தது. மறுபுறம், மூளைத்தண்டில் பரவும் டிஐபிஜி என்ற கட்டி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இன்றும் ஓராண்டு அளவே உயிரோடு இருக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கும் சிக்கல்கள் உண்டு: புற்றுநோய் மருந்துகளில் சிஸ்பிளாட்டின் காதுகேட்கும் திறனைக் குறைக்கக்கூடும், டாக்சோரூபிசின் பின்னாளில் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். குறைந்த நச்சுத்தன்மையுடன் அதே பலனைப் பெறுவது எப்படி என்று தேடுவதும் ஆய்வுதான்.

குழந்தைகளின் புற்றுநோய் வகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் அரிதானவை. ஒரு வகை நோயில் ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று குழந்தைகளே வரலாம். எனவே பல ஊர்களையும் பல நாடுகளையும் இணைத்தால்தான் ஒரு சோதனையை நடத்த முடியும். விற்பனை குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் இவற்றில் தாமாக முதலிட முன்வருவதும் குறைவு. பொதுமக்கள் தரும் பணம் இங்கே பெரிதாகப் பயன்படுவதற்கு இதுவே காரணம்.

பணத்தைப் பெறும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பந்தயத்தைத் தேர்வதற்கு முன் அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று தொண்டு நிறுவனங்களுக்கோ மருத்துவமனை அறக்கட்டளைகளுக்கோ ஒரே மாதிரியான கடிதம் எழுதி, சில கேள்விகளைக் கேளுங்கள். நான் அனுப்பும் பணத்தை ஆய்வுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பீர்களா, அல்லது பொது நிதியில் சேர்ப்பீர்களா? எந்த ஆய்வுக்குப் பணம் போக வேண்டும் என்று முடிவு செய்வது யார். அமைப்புக்கு வெளியே உள்ள வல்லுநர்கள் விண்ணப்பங்களை மதிப்பிடுகிறார்களா? தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கை எங்கே பார்க்கலாம்? நன்கொடையாளர் பெயரில் நேரடியாக ரசீது வருமா? உங்கள் பெயரையும் சின்னத்தையும் நான் பயன்படுத்த எழுத்து வடிவில் அனுமதி தருவீர்களா?

விடை வரும் விதமே பாதி விடை. ஒரு வாரத்துக்குள் பெயர் போட்டு, கேட்டதற்கு நேராகப் பதில் எழுதும் அமைப்பு, பின்னாளில் நன்கொடையாளர் ஒருவருக்கு ரசீது வரவில்லை என்றாலும் அப்படியே பதில் சொல்லும். நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் வைத்து அமைப்பை ஒதுக்கிவிட வேண்டாம். ஆய்வைக் கண்காணிக்கவும் கணக்கு எழுதவும் ஆட்கள் தேவை, அவர்களுக்குச் சம்பளமும் தேவை. செலவை மறைப்பவர்களைவிட, இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி அதற்குக் காரணமும் தருபவர்களையே நான் நம்புவேன். நன்கொடைக்கான வரிச் சலுகை, வெளிநாட்டிலிருந்து வரும் பணம், பொது இடத்தில் வசூலிப்பதற்கான அனுமதி ஆகியவை குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அந்த அமைப்பின் கணக்குப் பிரிவினரிடமே இதைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு, ஏற்கெனவே நடக்கும் நிகழ்வில் சேருங்கள்

சொந்தமாக ஒரு ஓட்டத்தை நடத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் ஆண்டில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. வேறொருவர் நடத்தும் பந்தயத்தில் ஓடினால் சாலை அனுமதி, தண்ணீர், மருத்துவக் குழு ஆகிய சுமைகள் அனைத்தும் அவர்களுடையவை. உங்கள் நேரம் முழுவதும் பணம் கேட்பதற்குக் கிடைக்கும். 1988இல் அமெரிக்காவில் 38 பேர் கொண்ட குழு ஒன்று நியூயார்க் மாரத்தானில் ஓடி, இரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கு 3,22,000 டாலர் திரட்டியது. தன் மகளுக்கு அந்த நோய் வந்த ஒரு தந்தை சேர்த்த குழு அது. அவர்கள் தனியாக மாரத்தான் ஒன்றை நடத்தவில்லை, நடந்துகொண்டிருந்த ஒன்றில் சேர்ந்துகொண்டார்கள். அந்த முயற்சியே 'டீம் இன் டிரெய்னிங்' என்ற பெரிய திட்டமாக வளர்ந்தது.

பெரிய பந்தயங்களில் தொண்டு நிறுவனங்களுக்கென்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தை வாங்கும்போது, குறைந்தது இவ்வளவு திரட்டித் தருவேன் என்று உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். கையெழுத்திடும் முன் அந்த ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். குறைகிற தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டுமா, காயம்பட்டு ஓட முடியாமல் போனால் என்ன ஆகும், திரட்ட வேண்டிய தொகையில் பதிவுக் கட்டணமும் அடங்குமா என்ற மூன்றையும் பாருங்கள். எனக்கு இடி விழுந்தது முதல் விதியில்தான். அந்த உறுதி உங்களுக்கு அச்சமாக இருந்தால், பதிவுக் கட்டணத்தைச் சொந்தமாகக் கட்டிச் சாதாரண இடத்தில் ஓடி, திரண்டதை அப்படியே அமைப்புக்குக் கொடுங்கள். அதில் குறைவு ஏதும் இல்லை.

பெயர்ப்பட்டியல்

பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்பாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தில் மூன்று கோடு போட்டு நான்கு பத்தி ஆக்குங்கள். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் எவ்வளவு கேட்கலாம், மூன்றாவதில் கேட்ட தேதி, நான்காவதில் வந்த தேதி. கைபேசியில் உள்ள எண்களை முதலிலிருந்து கடைசி வரை உருட்டிக்கொண்டே போய்ப் பெயர்களை எழுதுங்கள். பழைய அலுவலக நண்பர், பிள்ளையின் வகுப்பில் படிக்கும் குழந்தையின் அப்பா, பல் மருத்துவர், ஊரைவிட்டுப் போன அண்டை வீட்டுக்காரர் என்று யாரையும் 'இவர் தரமாட்டார்' என்று நீங்களே முடிவு செய்து விட்டுவிட வேண்டாம். என் இரண்டாவது ஆண்டில் 74 பெயர்கள் எழுதினேன். அதிகமாகக் கொடுத்தவர், எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கிக் கடைசியில் எழுதிய பெயருக்குரியவர். அவருடைய தங்கை சிறு வயதில் இதே நோயால் இறந்தது எனக்கு அதுவரை தெரியாது.

பட்டியலின் முதல் வரியில் உங்கள் பெயரையே எழுதி, உங்கள் பங்கை முதலில் கட்டுங்கள். அடுத்து, மிக நெருங்கிய ஐந்தாறு பேரிடம் நேரில் சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். இணையத்தில் உங்கள் நன்கொடைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் வெறும் பூஜ்யம் படக் கூடாது. முன்னே நாலு பேர் கொடுத்திருப்பதைப் பார்த்தால் ஐந்தாமவருக்குத் தயக்கம் குறையும். ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமான தொகையைத் தானும் கொடுக்கும் ஏற்பாடு பல நிறுவனங்களில் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் அதைக் கேளுங்கள், ஏனென்றால் தம் அலுவலகத்தில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கேட்கும் கடிதம்

கனடாவின் டெரி ஃபாக்ஸுக்கு 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். பிழைக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் 15 விழுக்காடுதான் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அந்த வேறுபாட்டைத் தந்தது ஆய்வு என்று அவர் புரிந்துகொண்டார். ஆய்வுக்கு நிதி திரட்ட நாட்டின் குறுக்கே ஓட முடிவு செய்து, 1979 அக்டோபரில், ஓடத் தொடங்குவதற்கு அரை ஆண்டு முன்பே, கனடா புற்றுநோய்ச் சங்கத்துக்கு ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதினார். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் தொடங்கி 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நுரையீரலுக்கு நோய் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று. கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள். 1981 பிப்ரவரி தொடக்கத்தில், அந்நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடாக, 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. அதே ஆண்டு ஜூனில் அவர் இறந்தார். செப்டம்பரில் அவர் பெயரிலான முதல் ஓட்டம் நடந்தது. நம்மால் அவரைப் போல ஓட முடியாது, ஆனால் அவர் கேட்ட விதத்தைக் கற்கலாம். ஏன் ஓடுகிறேன் என்று சொன்னார், எவ்வளவு வேண்டும் என்று சொன்னார், அந்த எண் ஒரு குழந்தைக்கும் புரியும்படி இருந்தது.

ஒரே செய்தியை எல்லோருக்கும் ஒருசேர அனுப்புவது எளிது, அதைக் கடந்து போவதும் அவர்களுக்கு அதே அளவு எளிது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். நான் எழுதியவற்றில் ஒன்று இது:

"அன்புள்ள சித்தப்பா, அடுத்த மாதம் 14ஆம் தேதி 10 கிலோமீட்டர் ஓடப்போகிறேன். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய ஆய்வுக்குப் பணம் சேர்க்கத்தான் இந்த ஓட்டம். என் தோழியின் மகன் நாலு வயதில் இரத்தப் புற்றுநோயால் படுத்தவன், இப்போது ஏழாவது படிக்கிறான். அவனுக்குக் கொடுத்த மருந்துகளெல்லாம் இப்படி யாரோ கொடுத்த பணத்தில் நடந்த ஆய்வால் வந்தவைதான். கிலோமீட்டருக்கு 100 வீதம் 1,000 கொடுக்க முடியுமா? பணம் என் கைக்கு வராது, நேராக அறக்கட்டளைக்குப் போகும், ரசீது உங்கள் பெயரில் வரும். இப்போது முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்."

தொகையைச் சொல்லிக் கேட்பது முறையில்லை என்று பலருக்குத் தோன்றும். "இயன்றதைக் கொடுங்கள்" என்றால், எவ்வளவு கொடுத்தால் சரியாக இருக்கும் என்று யோசித்தே பலர் தள்ளிப்போட்டுவிடுவார்கள். எண்ணைச் சொன்னால் அதற்குக் கூடவோ குறையவோ கொடுப்பது அவர்களுக்கு எளிதாகும். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். பந்தயத்துக்கு முந்தைய வாரம் இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம்.

குழந்தையின் கதை குழந்தையுடையது

மேலே உள்ள கடிதத்தில் அந்தச் சிறுவனின் பெயர் இல்லை. அவனுடைய அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டி, அவனிடமும் கேட்ட பிறகே அந்த இரண்டு வரியை எழுதினேன். நோயுற்ற குழந்தையின் முகமும் பெயரும் பணத்தை எளிதாக வரவழைக்கும். அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். முடி கொட்டிய தலையுடன் இருக்கும் படம் ஒருமுறை வெளியே போய்விட்டால், பதினைந்து வயதில் அந்தக் குழந்தை வேண்டாம் என்று சொன்னாலும் திரும்பப் பெற முடியாது.

இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1948 மே மாதம் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில், ஃபார்பரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவனின் படுக்கையருகே போஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் வீரர்கள் வந்து பேசினார்கள். அந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 'ஜிம்மி நிதி' அப்படித்தான் பிறந்தது. ஜிம்மி என்பது அந்தச் சிறுவனின் உண்மைப் பெயரன்று. அவன் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று வைத்த பெயர். அவர் குணமாகி, வளர்ந்து, தாத்தாவும் ஆகி, 1998இல் தாமே முன்வந்த பிறகுதான் ஜிம்மி யார் என்று நாடு அறிந்தது. நாடு முழுவதையும் நோக்கி நிதி கேட்டவர்களால் ஐம்பது ஆண்டு காக்க முடிந்ததை, நம் சிறு வட்டத்தில் நாமும் காக்கலாம்.

குழந்தையை இழந்த பெற்றோரும் உங்கள் பட்டியலில் இருக்கக்கூடும். "போராடி வென்றான்" என்று பிழைத்தவரைப் பற்றி எழுதும்போது, இறந்த குழந்தை சரியாகப் போராடவில்லை என்று அவர்கள் காதில் விழும். "குணமானான்", "இறந்துபோனாள்" என்று நேராக எழுதுவதே நல்லது.

உடலைத் தயார்செய்தல்

அதிகம் ஓடிப் பழகாதவர் 5 கிலோமீட்டருக்கு எட்டுப் பத்து வாரமும், அரை மாரத்தானுக்கு அதற்கு மேல் மூன்று நான்கு மாதமும் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால், அல்லது இதய நோய், நீரிழிவு போன்றவை இருந்தால், தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். நடந்தே முடித்தாலும் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

அடுத்த ஆண்டு நீங்களே நடத்தினால்

சிறியதாகத் தொடங்குங்கள். 1980இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குறுக்கே மிதிவண்டியில் 36 பேர் சென்று 10,200 டாலர் திரட்டிய பான்-மாஸ் சேலஞ்ச், இன்று மொத்தம் 100 கோடி டாலரைக் கடந்துவிட்டது. முதல் முறை ஐம்பது பேர் போதும். காவல்துறை, உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றின் அனுமதி, காப்பீடு, முதலுதவிக் குழு, இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி ஆகியவற்றை உறுதி செய்த பிறகே தேதியை அறிவியுங்கள். பனியன், பதக்கம், மேடை ஆகியவற்றின் செலவைப் புரவலர்களிடமிருந்து முன்கூட்டியே பெற்றுவிட முயலுங்கள். பங்கேற்பவர் கட்டும் கட்டணம் இவற்றுக்கே கரைந்துபோனால், ஆய்வுக்கு என்று சொல்லி அவர்களை அழைத்தது பொய்யாகிவிடும். ரொக்கம் வந்தால் இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, மறுநாளே கட்டிவிடுங்கள்.

சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளை அழைக்க விரும்பினால் அவர்களுடைய மருத்துவரைக் கேட்டே அழையுங்கள். மருந்தால் அவர்களின் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சாதாரணத் தொற்றும் ஆபத்தாக மாறும். சின்னம்மை மிகவும் ஆபத்தானது. காய்ச்சலோ சின்னம்மையோ உள்ள வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே எழுதுங்கள். கூட்டத்துக்கு நடுவே மேடையில் உட்கார வைக்காமல், ஓடுபவர்களைப் பார்க்கும்படி காற்றோட்டமான, சற்றே ஒதுங்கிய இடம் ஒன்றைக் கொடுங்கள்.

ஓடி முடித்த பிறகு

பந்தயத்துக்கு முந்தைய இரவு, மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறத்தில், பணம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சிறிய எழுத்தில் எழுதுவேன். பேனா மை வியர்வையில் கலைந்துவிடும் என்பதால் பென்சில்தான். ஓடி முடித்ததும் அட்டையைத் திருப்பி, கசங்கியது கசங்கியபடியே படம் எடுத்து, அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி அனுப்புவேன். தருகிறேன் என்று சொல்லி மறந்திருந்தவர்களுக்கும், ஓட்டம் முடிந்தது என்று ஒரு வரி எழுதுவேன். கணக்கை உடனே மூடாமல் இரண்டு வாரம் திறந்து வைத்திருங்கள், அவர்களில் பலர் அப்போது கொடுப்பார்கள்.

பிறகு மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, கட்டணமாக எவ்வளவு கழிந்தது, அமைப்புக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற மூன்று எண்களையும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புங்கள். இலக்கு எட்டவில்லை என்றாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அன்றே நாள்காட்டியில் ஓராண்டு தள்ளி ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதியில் அமைப்புக்குக் கடிதம் எழுதி, அந்த நிதி எந்த ஆய்வுக்குப் போனது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, வரும் பதிலை நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் அனுப்ப வேண்டும். அடுத்த ஓட்டத்துக்கான பணத்தை அந்தக் கடிதத்தில் கேட்க வேண்டாம்; அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது.